கலங்கிய கசிவு

ஜனவரி 9

காலையில் கரை மேல் ஒரு நடை போய் வந்தேன். வெளிச்சரிவில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது, வெட்டச் சொல்ல வேண்டும். புல் மறைத்தால் வளை தெரியாது, ஈரம் தெரியாது. மண் அணைக்கு வைத்தியம் பார்ப்பது முக்கால்வாசி கண்ணால்தான். ஒரு எலி வளையில் களிமண் போட்டு இடித்து மூட வைத்தேன். ஆட்டுக்காரர் மறுபடியும் சரிவில் ஆடு விட்டிருந்தார். சத்தம் போட்டதற்கு, "புல்லைத்தானேம்மா திங்குது, அணையையா திங்குது?" என்றார். கோபமாக நிற்க நினைத்தேன், சிரிப்பு வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது.

நீர்த்தேக்கம் ஏறக்குறைய நிறைந்து நிற்கிறது. "உனக்கு அணைதான் மூத்த பிள்ளை, எனக்குப் பிறந்தது ரெண்டாவது" என்பார் இவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் வீடும் மற்ற ஊழியர் வீடுகளும் கரையின் அடிவாரத்திலேயே இருக்கின்றன. சமையலறை ஜன்னலில் பாதி வானம், பாதி கரை. சாம்பார் கொதிக்கும்போதுகூட என் பார்வை அங்கேதான்.

மகளுக்கு இருமல் விடவில்லை.

ஜனவரி 12

மதகுக் குழாய் கரைக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் கசியும். மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிகிற வரை கவலையில்லை. இன்று டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் மாவு மாதிரி மண் படிந்தது.

கலங்கி வருகிறது என்றால் உள்ளேயிருந்து மண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஷட்டர் அண்ணனிடம் காட்டினேன். மதகை ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். "ஆடு மிதிச்சிருக்கும் மேடம்" என்றார். இருக்கலாம். இருக்கட்டும் கடவுளே.

ஜனவரி 13

ஆடு எதுவும் வரவில்லை. இன்றும் கலங்கல்.

ஜனவரி 14

கசிவுக்குச் சற்றுத் தள்ளி, தரையில் தண்ணீர் குமிழியிட்டு வருகிறது. உலை கொதிப்பது போல. சுற்றிலும் மெல்லிய மணல் வட்டமாகக் குவிகிறது. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். நேரில் இதுதான் முதல் தடவை. 

ஒருவர் களிமண்ணால் அடைத்துவிடலாம் என்று கூடையோடு ஓடிவந்தார். "அடைக்காதீங்க! அடைச்சா வேற வழி தேடிக்கும்!" என்று கத்தினேன். தண்ணீரை வெளியே விட வேண்டும், மண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும். முதலில் மணல், மேலே பொடிக்கல், அதற்கு மேலே பெரிய கல். சாயங்காலத்துக்குள் எல்லோரும் சேர்ந்து போட்டு முடித்தோம். குமிழி அடங்கியது. நின்றதா, மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறதா?

பெரிய இன்ஜினியருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"உள்ள என்ன ஆகியிருக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. தண்ணி மட்டத்தை இறக்கித்தான் ஆகணும்னு நினைச்சா எழுதி அனுப்பு, உத்தரவு தர்றேன். ஆனா விவசாயிங்ககிட்ட நீதான் பேசணும்."

மட்டத்தை இறக்கினால் இந்த வருடப் பயிர் போகும். அந்த விவசாயிகளுக்குத் தலைவர் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர்தான்.

ஜனவரி 16

விவசாயிகள் கூட்டம் முடிந்தது. எழுதவே கை வரவில்லை.

அக்கா வீட்டு மாமா எழுந்து கேட்டார். "கதிர் வரப்போற நேரம். இப்ப ஆத்துலயும் வாய்க்கால்லயும் எல்லாத்தையும் விட்டுட்டு, பால் பிடிக்கிறப்ப எங்களைக் காயப் போடுவியா?"

"அணை போச்சுன்னா ஆளே இருக்க மாட்டோம் மாமா."

"போயிடுமா? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு."

எப்படிச் சொல்வேன்? தெரிந்தால்தானே சொல்ல. "சொல்ல முடியல" என்றேன். பின்னால் யாரோ, "அப்ப எங்க வயித்துல மட்டும் உறுதியா அடிப்பீங்க, அப்படித்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

நாளைக் காலை திறக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மேடம் சொல்லிட்டாங்க. கிளம்புங்கப்பா."

மேடமாம். என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர்.

ஜனவரி 17

திறந்துவிட்டோம். கொஞ்சமாகத்தான். மடமடவென்று இறக்கினால் உள்பக்கச் சரிவு ஈரமும் கனமுமாக நிற்கும். தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் அப்படியே சரிந்துவிடும். மெதுவாக இறக்கினாலோ, குழாயோரம் என்ன நடக்கிறதோ அது இன்னும் சில நாள் நடக்கும். இந்தப் பக்கம் போனாலும் பயம், அந்தப் பக்கம் போனாலும் பயம்.

விடிந்ததும் இவர் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினார். நான்தான் அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. பீதி கிளம்பக் கூடாது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஷட்டர் அண்ணனின் மனைவி வாசலில் நின்றார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"பாப்பாவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேனே."

"இருமல் அண்ணி. டாக்டர்கிட்ட."

"டாக்டர்கிட்ட போறவ பையில ஸ்கூல் புக்கு எதுக்கு?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார்.

"என் பிள்ளைங்களுக்கும் இருமல்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சீ. என்ன ஜென்மம் நான்? என் பிள்ளை மட்டும்தான் பிள்ளையா?

ஜனவரி 18

காலையிலேயே எல்லா வீட்டாரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். என்ன பார்த்தேன், என்ன தெரியாது, ஏன் பயப்படுகிறேன், எல்லாம். மகளை அனுப்பியதையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை கொடுத்தார்கள். கரையை ஒட்டிய தெருக்காரர்களுக்கும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியாயிற்று. பாய், பாத்திரம், தையல் மெஷின், ஒருவர் வீட்டு டிவி... சாமான் எல்லாம் தள்ளுவண்டியில் ஏறியது. அண்ணி கோழிகளைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். திரும்பி வந்து ஒன்று மட்டும் கேட்டார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"ஆமா அண்ணி."

ஆண்கள் முறை வைத்து அணையைக் காக்கிறோம் என்றார்கள். ஷட்டர் அண்ணன் மதகை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

ஜனவரி 20

இறங்குகிறது. உள்பக்கக் கற்கள் பாசியோடு ஒவ்வொரு வரிசையாக வெளியே தெரிகின்றன.

மத்தியானம் கரை மேல், உள்ஓரமாக ஒரு விரிசல். தலைமுடி கனம்தான், ஆனால் நீளம். வேகமாக இறக்கிவிட்டேனோ? மதகைக் குறைக்கச் சொன்னேன். ஷட்டர் அண்ணன் சக்கரத்தைச் சுற்றி இறக்கினார். விரிசலின் இரு பக்கமும் முளை அடித்திருக்கிறோம். முளைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் சரிவு நகர்கிறது என்று அர்த்தம்.

மகளை விட்டுவிட்டுத் திரும்பிய இவர் வந்து கரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ முறைச்சுப் பார்க்கிற பார்வைக்கு அது பயந்தே நிக்கும்" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஜனவரி 21

விரிசல் கூடவில்லை. நான் நகரவில்லை.

ஜனவரி 25

முளைகள் அப்படியே இருக்கின்றன. கசிவு குறைந்து, தெளிந்தும் விட்டது.

நிம்மதியாக இருக்க வேண்டியவள்தானே நான்? இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றுமே இல்லாததற்கு இவ்வளவும் செய்துவிட்டேனோ? ஆற்றில் போகிற தண்ணீரைப் பாலத்தில் நின்று ஜனங்கள் பார்க்கிறார்கள். நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

பிப்ரவரி 20

வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 2

மட்டம் குழாய்க்கும் கீழே போனதால் இன்று தோண்ட ஆரம்பித்தார்கள். பெரிய இன்ஜினியரும் வந்திருந்தார். வெளிச்சரிவில் குழாயை ஒட்டிக் கரையைத் திறந்துகொண்டே போகிறது மெஷின். நல்ல மண், இறுகலாக, கட்டி கட்டியாக வருகிறது. கடப்பாரை போட்டால் ணங் என்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்காவே கூப்பிட்டாள். "எல்லாம் பதரு. மாட்டுக்காவது ஆகட்டும்னு இன்னிக்கு அறுத்துட்டாரு. நீயும் தெரிஞ்சுக்கணும்ல, அதான் சொன்னேன்." வைத்துவிட்டாள். அவள் திட்டவே இல்லை.

மார்ச் 3

இன்றும் நல்ல மண்தான். பெரிய இன்ஜினியர் குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் பேசாததே போதும்.

உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேனே. ஒரு அணையில் ஓட்டை இருக்கட்டும் என்று எந்தப் பைத்தியக்காரியாவது வேண்டுவாளா?

மார்ச் 4

இருந்தது.

மத்தியானத்துக்கு முன் மெஷின்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, "மேடம், இங்க வாங்க" என்றார். சத்தமே இல்லாத குரல். குழாயின் அடிப்பக்கம் மண்ணே இல்லை. கரிய பொந்து. நீளமான கம்பியை உள்ளே விட்டார்கள், தட்டாமல் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் இருக்கிற பக்கத்தை நோக்கி. டார்ச் அடித்துப் பார்த்த பெரிய இன்ஜினியர் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நான் சொன்னது சரி என்று ஒரு நொடிகூடச் சந்தோஷம் வரவில்லை. இதற்குக் கீழேதானே படுத்துத் தூங்கினோம்? மகள் ஹோம்வொர்க் எழுதினாளே!

செய்தி பரவி ஜனங்கள் வந்தார்கள். மாமாவும் வந்தார். குனிந்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டுப் பார்த்தார். கையை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். போய்விட்டார்.

அவர்தான் என்ன சொல்வார்? அறுத்த பயிர் மறுபடி நிற்கப்போகிறதா?

ஏப்ரல் 28

பொந்து இருந்த இடத்தை முழுக்க வெட்டி எடுத்து, புது மண் அடுக்கு அடுக்காகப் போட்டு இறுக்கி முடித்தாயிற்று. குழாயைச் சுற்றி இப்போது மணல் வடிகட்டி இருக்கிறது. எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். அண்ணியின் கோழிகளில் ஒன்று பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டதாம். "அதாவது படிச்சு இன்ஜினியர் ஆகட்டும்" என்றார் அண்ணி. பழையபடி பேசுகிறார், ஏறக்குறைய.

மகள் வந்துவிட்டாள். அக்கா வீட்டுக்கு ஒருநாள் போனேன். சாப்பாடு போட்டாள். மாமா கொல்லைப்புறத்திலேயே வேலையாக இருந்தார், நான் கிளம்பும்வரை.

ஜூலை 19

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆற்றில் வரவு கூடிவிட்டது. ஒரே மூச்சில் நிரப்பாமல், கொஞ்சம் ஏற்றி, சில நாள் நிறுத்திப் பார்த்து, பிறகு மேலே. தினமும் கசிவைப் போய்ப் பார்க்கிறேன். தெளிவாக இருக்கிறது. இருந்தும் மழைச் சத்தம் பலத்தால் ராத்திரியிலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இந்தப் பயம் இனிப் போகாது போல.

மத்தியானம் போன். மாமா.

"நாத்து விடணும்" என்றார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "விடலாமா?"

விடுங்கள் என்று வாய்வரை வந்தது. என்னால் போன பயிர். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் எல்லாம் ஆறிவிடும் போலிருந்தது.

"பாதி நிலத்துக்கு மட்டும் விடுங்க மாமா. இந்த வருஷம் முழுசா நிரப்ப மாட்டேன். புது மண்ணு, இன்னும் எனக்கு நம்பிக்கை வரல."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. மழைதான் கேட்டது, அங்கேயும் பெய்கிறது. போன பயிரும் போய், இந்தப் பயிரும் பாதி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

வைக்கவில்லை. போனை விலக்கி வீட்டுக்குள் பார்த்துச் சொன்னது கேட்டது:

"ஏய், அவ பாதிதாங்கிறா. ஊற வச்ச விதை போதும். மிச்ச மூட்டையைத் தூக்கி உள்ள வை."