நீ கேட்ட கேள்வி

தங்கச்சி,

திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினாயாம். வரமாட்டேன்.

நம் பம்பு கம்பெனி மூழ்கப் போகிறது என்று அப்பா என் நாற்காலியில் உன்னை உட்கார வைத்தார். முதல் நாளே தொழிலாளிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, "நம்ம பம்பு ஒழுகுது. தப்பு நம்ம மேலதான். ஏன்னு நீங்க சொல்லுங்க" என்றாய். என் மானம் அங்கேயே கப்பலேறியது.

"தண்ணி ஒழுகாம அடைக்கிற சீல் சரியில்லைன்னு மூணு வருஷமா சொல்றேம்மா. உங்க அண்ணன் காதுலயே வாங்கல" என்றார் லேத்துக்காரர். தரம் பார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தாய். நான் அன்றே வெளியேறினேன். இப்போது ஆர்டர் குவிகிறதாம், எல்லாரும் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களாம். ஆடட்டும்.

அவர் பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். சொன்னது நிஜம். அதை எல்லார் முன்னாலும் என்னைக் கேட்க வைத்தாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அண்ணன்