தெத்துப்பல்

28.8.1981, வெள்ளி

சிம்மக்கல் பல் டாக்டரிடம் போய் இன்று என் தெத்துப்பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன். "பல்லு மேல பல்லு ஏறியிருக்கு, அந்த இடுக்குல பிரஷ் போகாது. அழுக்குத் தங்கி ஈறு அழுகிருச்சு," என்றார். "எடுக்காமப் பாக்க முடியாதா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் வாடிப்பட்டிக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "வாயத் தொறந்துறாத, பல்லு தெரியும்," என்று அம்மா சொல்லியிருந்தாள். அவருடைய சித்தப்பா உட்கார்ந்த நாற்காலி உடைந்ததும் சிரித்துவிட்டேன். பிறகு அடுப்படியில் அம்மா கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து வாயைப் பொத்தித்தான் சிரிப்பேன்.

சாயங்காலம் பஞ்சைத் துப்பிவிட்டு, "இனிமே வாயப் பொத்தாமச் சிரிக்கலாம்," என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்கு நீ சிரிச்சப்ப அந்தப் பல்லப் பாத்துத்தான் உன்னையக் கட்டுறதுன்னு முடிவு பண்ணேன்," என்றார்.

பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரு நாள் சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பேனே, இந்த மனுசன்.