மாப்பிள்ளையின் நாயனம்

மாப்பிள்ளை,

கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் தைல வாடை குப்பென்று அடித்தது. கழுத்து வலிக்கென்று பொழுதுக்கும் தேய்த்துக்கொள்வீர்களே, அந்தத் தைலம்தான். இடது குமிழின் ரப்பர் உங்கள் கட்டைவிரல் பட்டுப்பட்டு வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி உங்கள் வீடியோ கேம் பெட்டியைத் துண்டில் சுற்றி, கட்டைப்பையில் போட்டு, கீரனூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். "இது ஒங்கிட்டயே இருக்கட்டும்ணே. அங்கிட்டு இருந்தா பாத்துப் பாத்து அழுதுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் டி.வி.யில் ஒயரைச் சொருகினேன். விளையாட வேண்டும் என்றெல்லாம் இல்லை. நாம் ஆடும் விளையாட்டில் உங்கள் வேட்டைக்காரர் முகாமில் நெருப்புக்குப் பக்கத்தில் நாயனத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நான் பார்த்தது வேறு. ஒரு நாள் முழுக்க ஆகிவிட்டது, இன்னும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் கடைக்குப் போய் ஒரு மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்ட உட்கார்ந்தேன். எத்தனை சுற்று சுற்றினேன் என்பதே மறந்துபோய், கம்பியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

தலைத் தீபாவளிக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? புது வேட்டி கசங்கிவிடுமோ என்று பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். தண்ணீர் மொள்ள எழுந்தால் அம்மா ஓடி வந்து, "நீங்க சும்மா உக்காருங்க மாப்ள" என்பாள். சாப்பிட்ட இலையை எடுக்கக் குனிந்தால் அப்பா அதையே சொல்வார். வீட்டு மாப்பிள்ளை தன் இலையைத் தானே எடுத்தால் எங்களுக்குத்தான் தலைகுனிவு. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் உங்களுக்கு இருந்த ஒரே வேலை உட்கார்ந்திருப்பதுதான். பார்க்கவே பாவமாக இருந்தது. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் என் விளையாட்டை எடுத்து டி.வி.யில் போட்டேன்.

போட்டவன் சும்மா இருந்தேனா? ஒரு மணி நேரம் பீற்றிக்கொண்டேன். காட்டிலும் மலையிலும் திரியும் ராட்சத மிருகங்களை வேட்டையாட வேண்டும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு வகை ஆயுதம் உண்டு, ஆனால் பெரிய வாள்தான் ராஜா என்றேன். ஆள் உயரம் இருக்கும் வாள். அதை ஓங்கிக்கொண்டு அசையாமல் நின்று, மிருகம் தலையைக் கொடுக்கும் நேரம் பார்த்து ஒரே போடாகப் போட வேண்டும். இரட்டைக் கத்திக்காரர்களைக் கொசு பேட்டை வீசுகிறவர்கள் என்று கிண்டல் செய்தேன். ஈட்டியும் கேடயமும் பயந்தவர்களுக்கு, வில் எட்ட நிற்பவர்களுக்கு. அப்பா வேறு பக்கத்தில் உட்கார்ந்து, மகன் என்னவோ பெரிய வித்தை கற்றவன் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஆடியிருக்கிறீர்களா என்று உங்களைக் கேட்டேன்.

"கொஞ்சம் பாத்திருக்கேன் மச்சான்" என்றீர்கள். எந்த ஆயுதம் வேண்டும் என்றதற்கு, "பின்னால நின்னு ஊதுறது ஒன்னு இருக்குல்ல, அது போதும்" என்றீர்கள்.

அதுவும் ஓர் ஆயுதம்தான். மிருகத்தின் எலும்பில் செய்த பெரிய ஊதுகுழல். அடிக்கவும் செய்யலாம், ஆனால் ஊதினால் கூட வருகிறவருக்கு உயிர் ஏறும், அடியின் பலம் கூடும். அதற்கு நாயனம் என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டேன். "அதான் நல்லது. நீங்க சும்மா பின்னால நில்லுங்க மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் நீங்களும் ஒரு பெட்டி வாங்கிவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். அதிலிருந்து ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு இறங்கியதும் நீங்கள் கீரனூரிலும் நான் புதுக்கோட்டையிலும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். நேரில் பார்த்தால் நமக்குள் அளந்து வைத்த மரியாதைதான். வாங்க, சாப்பிடுங்க, பஸ் கூட்டமா என்பதோடு பேச்சு முடியும். வேட்டையில்தான் நாம் மனுசர்களாகப் பேசினோம். உங்கள் ஆபீஸ் மேலாளரை ஒரு நாள் நீங்கள் திட்டியதுகூட ஒரு சேற்றுப் பல்லியை நான் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான்.

ஒரு வேட்டையில் மூன்று தடவை விழுந்தால் எல்லாம் போச்சு. விழுந்ததெல்லாம் நான்தான். இன்னும் ஒரு நொடி ஓங்கி நின்றால் அடி பெரிதாக விழும் என்ற பேராசையில் நின்று, மிதிபட்டுச் சாவேன். திரையில் மீதி உயிரைக் காட்டும் உயிர்க்கோடு சிவந்து, முடிந்தது என்று நினைக்கும்போது எங்கிருந்தோ உங்கள் நாயனம் கேட்கும். அது எப்படி ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் கேட்டது என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? நீங்கள் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதையும் கேலிதான் செய்தேன், பின்னால் நிற்பவர் எப்படி விழுவார் என்று.

சித்தன்னவாசலுக்கு எல்லாரும் போனபோது, மலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். நான் முதல் ஆளாக மேலே போய் நின்றேன். நீங்கள் அம்மாவுக்கும் பின்னால், கடைசியாக, தண்ணீர் பையோடு வந்தீர்கள். இங்கிட்டும் பின்னாலதானா என்று நான் சிரித்தேன். "பின்னால நின்னாத்தான் மச்சான் யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியும்" என்றீர்கள். அம்மாவுக்கு அன்று இரண்டு இடத்தில் கால் வழுக்கியது என்பதும், நீங்கள் பிடித்தீர்கள் என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

இப்போது அந்தக் கடைசி ஞாயிறுக்கு வருகிறேன். வராமல் முடியாது.

இரும்புக் கடா என்ற ராட்சத மிருகத்தோடு நான்கு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அது நொண்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஓர் அடி. நான் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருந்தேன். வாளை ஓங்கி நின்றேன். திரும்புகிறது, உருண்டுவிடுங்கள் என்று நீங்கள் கத்தினீர்கள். நான் உருளவில்லை. முட்டித் தள்ளிவிட்டது. மூன்றாவது தடவை விழுந்தாயிற்று, வேட்டை போச்சு.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். தப்பு என்னுடையது என்று தெரிந்த கோபம்தான் எப்போதும் அசிங்கமாகப் பேசும். "எங்க வீட்டுலதான் ஒங்கள உக்கார வச்சுப் பரிமாறுறோம். இங்கிட்டும் உக்காந்தே இருப்பீங்களா?" என்றேன்.

ஒரு மச்சான் தங்கச்சி புருசனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. உட்காருங்க உட்காருங்க என்று நாங்களே அமுக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்ததையே குத்திக்காட்டினேன்.  நீங்கள் "சரி மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டீர்கள்.

திங்கட்கிழமை பூராவும் போனை எடுத்து எடுத்து வைத்தேன். நாமே முதலில் கூப்பிடுவதா என்ற வீம்பு. செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. திரையில் உங்கள் பேர். ஆகா, அவரே இறங்கி வந்துவிட்டார் என்று எனக்கு ஒரு கெத்து. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நாலு ரிங் விட்டேன். எடுத்தால் வேறு குரல். "இந்த போன் வச்சிருக்கவருக்கு நீங்க என்ன வேணும்ங்க?" என்றார் பஸ் கண்டக்டர்.

ஆபீஸுக்குத் திருச்சி போகும் பஸ்ஸில், மாத்தூர் தாண்டும்போதே நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்திருந்தீர்களாம். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். திருச்சியில் எல்லாரும் இறங்கிய பிறகு தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார்கள். முப்பத்தாறு வயது, ஒரு நாள் காய்ச்சலென்று படுத்ததில்லை. அந்த நாலு ரிங் இன்னும் என் காதில் அடிக்கிறது மாப்பிள்ளை.

பதினாறாம் நாள் படையலில் உங்களுக்குத்தான் முதல் இலை. நான்தான் பரிமாறினேன். சோறு வைக்கும்போது, உக்கார வச்சுப் பரிமாறுறோம் என்று நான் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. நாற்பது நாளாக என்னை அரித்த கேள்வி ஒன்றுதான். அந்த வார்த்தையோடுதானா போனீர்கள்? தங்கச்சியிடம் கேட்கவும் தைரியமில்லை. கேட்டால் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டுமே.

நேற்று பெட்டி உயிர் பெற்றதும், எந்த வேட்டைக்காரர் என்று கேட்டது. அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். கீழே இருந்தவர் எனக்குத் தெரிந்த நாயனக்காரர். மேலே இருந்தவரை நான் பார்த்ததே இல்லை. யாரோ நண்பருடையது என்று நினைத்துத்தான் திறந்தேன். நரைத்த தாடி, பழைய கவசம், முதுகில் ஆள் உயர வாள். பக்கத்தில் உங்கள் பெயர். தொடங்கிய தேதி உங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ஆயுதத்தை எவ்வளவு எடுத்தார் என்று காட்டும் பக்கத்துக்குப் போனேன். பெரிய வாளுக்கு நேராக ஒரு கோடு திரையின் அந்த ஓரம்வரை ஓடியது. மற்றதெல்லாம் பொட்டுப்போல். இரும்புக் கடாவைத் தனியாளாக, திரும்பத் திரும்ப, நான் கனவிலும் நினைக்காத குறைந்த நேரத்தில் வீழ்த்தியிருந்தீர்கள். உங்களுக்கா நான் தலைத் தீபாவளியன்று ஒரு மணி நேரம் வாள் பாடம் எடுத்தேன்? என் ஒவ்வொரு தப்பும் நடப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நாயனம் நேரத்துக்குக் கேட்டிருக்கிறது. நான் உங்களை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று ஆறு வருஷம் நம்பினேனே.

பிறகு நாயனக்காரரைத் திறந்தேன். அவர் முதுகில் நாயனம் இல்லை. பளபளவென்று, புதிதாக அடித்த பெரிய வாள். கடைசியாகச் சேமித்தது அந்தத் திங்கட்கிழமை சாயந்தரம்.  என் வார்த்தைக்காக நாயனத்தைத் தூக்கி எறிந்திருக்கிறீர்கள், கோபத்தோடுதான் போயிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

தங்கச்சி காபி டம்ளரோடு வந்து நின்றாள். டி.வி.யைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாத்துட்டியா" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மச்சானை அவர் வீட்டிலேயே, அவர் அப்பா முன்னால் வைத்துத் தோற்கடிப்பதா என்றுதான் அன்று பேசாமல் இருந்தீர்களாம். அப்புறம், முன்பே இருந்த பெட்டியைப் புதிதாக வாங்கியதாக என்னிடம் சொல்லிவிட்டு, எனக்காகவே முதல்படியிலிருந்து ஒரு புது ஆளைத் தொடங்கினீர்களாம். சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம், "மச்சான் சந்தோசமா வெட்டிக்கிட்டு இருக்காரு, விடு" என்பீர்களாம்.

கடைசியில் கேட்டே விட்டேன், நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி. என்மேல் கோபமாக இருந்தீர்களா என்று.

"திங்கக்கெழம காலைல இருந்துச்சுண்ணே" என்றாள். "சாயந்தரம் இல்ல. இதுல ஒக்காந்து தானா சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னன்னு கேட்டேன். மச்சான் முன்னால நிக்கச் சொல்லிட்டாரு, ஞாயித்துக்கெழம வாளோட போறேன், அவரு மூஞ்சியப் பாக்குறதுக்குன்னே இந்தத் தடவ பஸ் ஏறி அவரு வீட்டுக்கே போகணும்னாங்க."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாய் பிளந்திருந்தது என்று நினைக்கிறேன். தங்கச்சி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவுங்க பாக்கணும்னு சொன்ன மூஞ்சி இதுதான் போல" என்றாள். சிரித்தாள், நாற்பது நாளில் முதல் தடவையாக. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன் மாப்பிள்ளை. நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட மூஞ்சியை நீங்கள் இல்லாதபோது காட்டிவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உங்கள் கன்ட்ரோலரை எடுத்தாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்த் தைல வாடையை முகர்ந்தாள். இந்த வாளை எப்படி ஓங்குவது, சொல்லிக்கொடு என்றாள். நீ சும்மா உக்காரு ஆத்தா, நான் பாத்துக்கிறேன் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினேன். இனி யாரிடமும் அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

அப்பா அறையிலிருந்த சின்ன டி.வி.யைக் கூடத்துக்குத் தூக்கிவந்து என் பெட்டியை அதில் மாட்டினேன். என் வேட்டைக்காரரின் முதுகிலிருந்து வாளை எடுத்து வைத்துவிட்டு, முதல் தடவையாக நாயனத்தைக் கொடுத்தேன். பின்னால் நின்று பார்த்தால் உண்மையிலேயே எல்லாம் தெரிகிறது. அவள் எங்கே நிற்கிறாள், மிருகம் எங்கே திரும்பும், அடி எப்போது விழும் எல்லாம் தெரிகிறது.

முதல் வேட்டையிலேயே இரண்டு தடவை விழுந்தாள். பிறகு என்னைப்போலவே வாளை ஓங்கிக்கொண்டு அசையாமல் நின்று மிதிபட்டாள். உயிர்க்கோடு சிவந்தது. ஊதினேன். எழுந்துவிட்டாள்.