கெர்னலும் எலுமிச்சம்பழமும்

வெள்ளி, இரவு

இன்று காலை திருவிடந்தை ரிசார்ட்டில் சர்வரின் இயங்குதளத்துக்குப் புதிய கெர்னல் ஏற்றினேன். ரீஸ்டார்ட் ஆனதும் நெட்வொர்க் செத்துப்போனது. ரூம் புக்கிங் எதுவும் திறக்கவில்லை. கல்யாண கோஷ்டி ஒன்று பெட்டி படுக்கையோடு வரவேற்பறையில் நின்று கத்தியது.

மேனேஜர் கேபிளை மூன்று முறை கழற்றி மாட்டினார். பெரிய நிபுணர்! பிறகு, "ராகு காலத்துல கை வெச்சா வேற இன்னா ஆவும்?" என்று திட்டிவிட்டு, எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சர்வர் ராக்கில் கட்டினார். அவர் முடிச்சுப் போடுவதற்குள் நான் பழைய கெர்னலிலேயே பூட் செய்தேன். இணைப்பு வந்துவிட்டது.

"பாத்தியா தம்பி, பழம் எப்டி வேலை செஞ்சிச்சு!"

ஆமாம் சார் என்றேன். புதிய கெர்னலில் நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்றியவன் நான்தான். அந்த முட்டாளுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. கிளம்பும்போது, "பழம் அப்படியே இருக்கட்டும் சார்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

த்தூ.