உனக்கு அம்மை போட்டிருக்கிறது

இராஜபாளையம்

அன்புள்ள கௌதம்ராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ மட்டும் நலமில்லை, ஒன்பது நாளாக உனக்கு அம்மை போட்டிருக்கிறது. ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே இரு. உன் அக்கா மகாலட்சுமி மகனுக்குக் காதுகுத்து வைத்த தேதியும் உன் ஐ.ஏ.எஸ். மெயின்ஸ் பரீட்சை தொடங்கும் தேதியும் ஒன்றாகிவிட்டன. இதுதான் கடைசித் தடவை என்று நீ சொல்லியிருக்கிறாய், அதையே அவள் மாமியார் வெள்ளத்தாயிடம் சொன்னேன். உன்னை வரச்சொல்லிக் கேட்கவே வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவர், "பரீட்சை அடுத்த வருசமும் வரும் சம்பந்தி, தாய்மாமன் மடியில்லாம பிள்ளைய வேற எங்கன உக்கார வைக்க, ஒரு நாள்தான" என்றார். யாரும் பெரிதாக எதுவும் கேட்பதில்லை, ஒரு நாளைத்தான் கேட்கிறார்கள். என் அக்கா செல்வலட்சுமியும் அதைத்தான் கேட்டாள். குரூப் டூ ஹால்டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேத்தூர் போய் அவள் மகனுக்கு மடி கொடுத்தேன். அடுத்த தேர்வு வந்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது. அந்தப் பையன் இப்போது காதில் ஒன்றும் போடுவதில்லை, துளை தூர்ந்துவிட்டது. செல்வலட்சுமியோடு நான் பேசுவதில்லை, ஏன் என்று அவளும் இதுவரை கேட்கவில்லை.

அம்மை போட்டவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். காதுகுத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். டெல்லியைச் சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு உன் அறைக்கு வருவதாக இருந்த உன் பெரியப்பா மகன் அழகுராஜாவும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். நான் நினைத்துப் பார்க்காதது உன் அம்மாவை. உண்மை தெரிந்தால் மகாலட்சுமியிடம் சொல்லிவிடுவாள் என்று அவளிடமும் அம்மை என்றே சொன்னேன். பிள்ளை எங்கே இருந்தாலும் ஆத்தா வந்தது நம் வீட்டுக்குத்தான் என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. பக்கத்து வீட்டில் எதையாவது வதக்கினால் நான் மாடிக்குப் போய் நிற்கிறேன். டெல்லிக்குக் கிளம்புவதாக அவள் பையை எடுத்தபோது, தலைக்குத் தண்ணி ஊற்றும்வரை யாரும் வரக் கூடாது என்று நிறுத்தினேன். நீ இளநீர் குடிக்கிறாய், கொப்புளம் அமுங்குகிறது என்று தினமும் சொல்லி வருகிறேன். நீ போனை அணைத்து வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று, அணைத்தே வை. நம்மூரில் தெரிந்த முகங்கள் அதிகம் என்பதால் இந்தக் கடிதத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்த் தபாலில் சேர்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு பேனா எடுத்துப் போ. நல்லபடியாக எழுத என் ஆசிகள். கடைசித் தாள் முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து தலைக்குத் தண்ணி ஊற்றியாகிவிட்டது என்று சொல். அதற்கு ஒரு நாள் முன்னால்கூடச் சொல்லாதே. தாளிக்காத குழம்பு எனக்குப் பழகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா
சேதுபதி