தண்ணி ஏறுதுன்னு நீ சொன்னது நிஜம்தான் அக்கா

என் முனீஸ் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத உட்கார்ந்தால் அழுகை வரும், எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ மட்டும் படித்தால் போதாது, ஊரும் படிக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காள்மடம் ஊரில் எங்கள் வீட்டு மூத்த பெண் நீ. பதினெட்டு வயசிலிருந்து நண்டு கம்பெனியில் சதை பிரித்தாய். ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட ஒட்டாமல் வெள்ளைச் சதையை முழுசாக உருவி எடுக்கிற கை உன் கை. புதுசாக வருகிற பெண்களைச் சூப்பர்வைசர் உன் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். இருபத்தாறு வயசில் உன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மனச்சிதைவு நோய் என்றார்கள். இரண்டு வருஷம் நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. சரியான மாத்திரை கிடைத்ததும் குரல்கள் அடங்கின, நீ மறுபடி கம்பெனிக்குப் போனாய். அதனால் மாத்திரையை நான் ஏசமாட்டேன். அதுதான் உன்னை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

நான் ஏசுவது மனுஷர்களை. என்னையும் சேர்த்துத்தான்.

போன வருஷம் ஆடி மாசம் உனக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, அதுதான் என்றேன். அப்புறம் குழாயடியிலிருந்து ஒரு குடம் கொண்டுவர மூன்று இடத்தில் இறக்கி வைத்தாய். உடம்பு வச்சிருச்சு, சோத்தைக் குறை என்றேன். மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாய். அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஒரு மத்தியானம் பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளி வைத்தாய்.

“ராணி, நெஞ்சுக்குள்ள தண்ணி ஏறுதுடி.”

“என்னக்கா சொல்ற?”

“உள்ள தண்ணி ஏறுது. படுத்தா மூக்கு வரைக்கும் வருது. முங்கிருவேன் போல இருக்கு.”

நான் பயந்துவிட்டேன். உனக்காக அல்ல அக்கா. பழைய பேச்சு திரும்பிவிட்டதே என்று. “மாத்திரைய ஒழுங்கா போடுறியா இல்லையா?” என்று கத்தினேன். நீ என்னையே பார்த்தாய். “போடுறேன்டி” என்றாய். அவ்வளவுதான். என்னோடு சண்டைகூடப் போடவில்லை. ஏன் அக்கா போடவில்லை?

மறுநாள் நீ மாதாமாதம் மாத்திரை வாங்குகிற ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். முதலில் மூச்சுக்குக் காட்டலாம் என்று பொது டாக்டரிடம் போனோம். அவர் உன் ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டினார். நோயின் பேரைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். அதற்கப்புறம் உன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் கேட்டார்.

“என்னம்மா சொல்றாங்க?”

“நெஞ்சுல தண்ணி ஏறுதுங்குறா சார். காலு வீங்கியிருக்கு. மூச்சு வாங்குது.”

“இது சைக்யாட்ரி கேஸ்மா. பயத்துல மூச்சு வாங்கத்தான் செய்யும். அங்கயே காட்டுங்க.”

ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்தில்தான் தொங்கியது. உன் நெஞ்சுக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்குமா? நீ சேலையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினாய். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மனநலப் பிரிவில், தண்ணி ஏறுகிறது என்று சொன்னதும் மாத்திரையைக் கூட்டி எழுதினார்கள். எடை பார்க்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை. பாருங்கள் என்று நானும் கேட்கவில்லை. தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் கம்பெனியில் நண்டுத் தட்டு மேலேயே சாய்ந்துவிட்டாய். உன்னோடு வேலை பார்க்கிற செய்யது பீவிதான் ஆட்டோவில் போட்டு வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். உன் நோட்டு அவளிடம் இல்லை. நோயின் பேரையும் அவள் சொல்லவில்லை. “மூச்சு முட்டுது, பாருங்க டாக்டர்” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஈசிஜி எடுத்து, எக்கோவும் பார்த்துவிட்டார்கள். கவனித்தாயா? நோட்டு இல்லாததால் நீ மனுஷியாகிவிட்டாய்.

அந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “இருதயம் ரொம்பப் பலவீனமாயிருச்சும்மா. நுரையீரல் பூரா தண்ணி.”

“தண்ணியா சார்?”

“ஆமா. படுத்தா முங்குற மாதிரி இருக்குன்னு சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னா சார். எங்ககிட்டதான் சொன்னா.”

உன் பழைய நோயின் பேரை அப்புறம்தான் அவரிடம் சொன்னேன். இந்த நோய்க்காரர்களுக்கு இருதயக் கோளாறு நிறைய வரும், முன்கூட்டியே பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். அத்தனை வருஷத்தில் ஒருத்தராவது இதை எங்களுக்குச் சொன்னார்களா? நாலாம் நாள் நீ போய்விட்டாய். நாற்பத்தொரு வயசு.

துக்கத்துக்கு வந்த திருப்புல்லாணி மாமா, “போகட்டும்த்தா, அவளுக்கும் நிம்மதி, ஒனக்கும் நிம்மதி” என்றார். “எனக்கு நிம்மதின்னு யாரு சொன்னா? மொதல்ல எந்திரிச்சுப் போங்க மாமா” என்றேன். இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசவேண்டாம்.

காரியம் முடிந்ததும் எக்கோ சீட்டை எடுத்துக்கொண்டு அந்த முதல் டாக்டரிடம் போனேன். படித்தார். “அவங்க தெளிவாச் சொல்லலையேம்மா” என்றார்.

“இதவிடத் தெளிவா எப்படி சார் சொல்றது?”

சீட்டை என்னிடமே திருப்பி நீட்டினார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்போது மாத்திரை கொடுக்கிற வியாழக்கிழமைகளில் என் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கே போய் நிற்கிறேன். போன மாதம் தேவிபட்டினத்திலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்திருந்தார். மகனுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். இரண்டு படி ஏறுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “கொஞ்சம் காலக் காட்டுங்க தம்பி” என்று அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அதே டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

“நீங்க யாரும்மா இவருக்கு?”

“யாரா இருந்தா என்ன சார்? ஸ்டெதாஸ்கோப்ப நெஞ்சுல வச்சுப் பாருங்க. பாக்காம இங்கருந்து நகர மாட்டேன்.”

வெளியே வரிசை முணுமுணுத்தது. காவலாளி வந்தார். நான் நகரவில்லை. டாக்டர் பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டார், மறுபடி முதுகில் வைத்துக் கேட்டார். ஈசிஜிக்கு எழுதினார். அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். பத்து நாளில் தண்ணி வடிந்து வீட்டுக்குப் போய்விட்டான். அந்த அம்மா போன் பண்ணி, மகன் கடைக்கு நடந்து போய் வந்தான் என்று சொல்லி அழுதார்.

சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குத்தான் என் கோபம் இரண்டு பங்கானது. ஐந்து நிமிஷம் அக்கா. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் உனக்குக் கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

நீ இருந்தால், விடுடி, ஊர்ச் சண்டை நமக்கெதுக்கு என்பாய். விடமாட்டேன். அந்த வாசலில் வியாழக்கிழமை தோறும் நிற்பேன். யார் தன் உடம்பைப் பற்றி என்ன சொன்னாலும், எப்படிச் சொன்னாலும், முதலில் நம்புவேன். நம்பவும் வைப்பேன்.

நீ சொன்னதை நம்பாமல் போன,
உன் கூடப் பிறந்த தங்கச்சி,
ராணி