மண்டி எலிகள்

9-1-1938, ஞாயிறு

வாசல் தெளிக்கப் போனேன். சாக்கடையோரம் செத்த எலிகள். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து ஒன்றைக் குச்சியால் புரட்டினார். "நம்மூட்டு எலின்னா எலும்பும் தோலுமா இருக்கும் சாமி. இது அரிசி தின்ன ஒடம்பு." தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலி விழுந்தால் பிளேக் என்று படித்திருக்கிறேன்.

12-1-1938

நெசவாளர் தெருவைக் காலி செய்ய உத்தரவு. உள்ளே வெயில் படட்டும் என்று வீட்டு ஓடுகளைப் பிரிக்கிறார்கள். ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் கொட்டகை. தறியைப் பெயர்க்க முடியாது. அப்பா பாவு நூலை மட்டும் சுருட்டிக்கொண்டு வந்தார்.

ஜில்லா போர்டு மெம்பர் காளியண்ணன் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு சுகாதார டாக்டரிடம் சொன்னார்: "இவங்க தெரு எப்பவுமே சுத்தமில்லைங்க." பிறகு என்னிடம், "நீ பி.ஏ. படிச்ச புள்ள. உங்க சனத்துக்கு எடுத்துச் சொல்லம்மா."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? போர்டு பள்ளியில் வேலை பார்ப்பதாலா? இந்தத் தெருவில் முதல் பட்டம் வாங்கியது தலையாட்டத்தானா?

அடுத்த தெருவில்தான் அவருடைய நெல் அரிசி மண்டி. அதற்குள் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

13-1-1938

நாளை பொங்கல். மண்டியில் நல்ல வியாபாரம். மூட்டை வண்டிகள் செவ்வாய்ப்பேட்டைக்கும் நாமக்கல்லுக்கும் போகின்றன. எங்களைத்தான் கடைவீதிப் பக்கம் விடுவதில்லை.

17-1-1938, திங்கள்

அப்பா ஊடை நூல் ஓட்டும் நாடா தறியிலேயே தங்கிவிட்டது. எடுத்துவர விடியலில் தெருவுக்குப் போனேன். மண்டியில் மூட்டை தூக்கும் செங்கோடன் எங்கள் சாக்கடையில் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். எலிகள். வெறுங்கையால்.

"பாத்துப்போட்டீங்களா வாத்தியாரம்மா... மொதலாளி சொன்னாருங்க. மண்டிய மூடிட்டா எங்கூட்ல ஒலை வைக்க முடியுங்களா?"

காலை அகட்டி இழுத்து நடந்தார். தொடையிடுக்கில் கட்டியாம். "மூட்டை அழுத்துனதுங்க."

பிளேக் கட்டி அங்கேதான் வரும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டார். கும்பிட்டால் ஆயிற்றா? செத்துப் போவாரே இந்த மனிதர்!

18-1-1938

டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். காளியண்ணன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"செங்கோடனா? அவன் பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டானே. ஏம்மா, உங்க தெரு எலிக்கு எம்மேல பழியா?"

டாக்டர் சிரித்தார். சிரிக்கிறார்! பிறகு விசாரித்தேன். செங்கோடனையும் மனைவி சின்னாயியையும் நேற்று மாலையே மூட்டை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சலோடு. அந்த ஊரில் பிள்ளைகுட்டிகள் இல்லையா? இவர் மண்டி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே. நாசமாப் போக.

20-1-1938

பள்ளிக்கு இனி வரவேண்டாம் என்று போர்டு உத்தரவு. அப்பா படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "செரி, எனக்கும் பாவு நூல் ஓட்ட ஆள் வேணும்" என்றார்.

3-2-1938, வியாழன்

சின்னாயி கொட்டகைக்கு வந்திருந்தாள், வெறுங்கழுத்தோடு. ஊர் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே செங்கோடன் இறந்துவிட்டார். அதன் பிறகு அங்கே வீட்டுக்கு வீடு சாவு.

"எம்புருசன் கொண்டாந்த சீக்குன்னு மூஞ்சில துப்பறாங்க. டாக்டரும் எங்க வளவு வீடுகதான் அழுக்குங்கறாரு. கண்ணால பாத்தவங்க நீங்க. வந்து சொல்லுங்க."

நீயும்தானே அன்று வாயை மூடிக்கொண்டு வண்டி ஏறினாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் மண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

4-2-1938

சின்னாயியின் ஊர். அதே டாக்டர் புளியமரத்தடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் சனம். அந்தப் பக்கம் காளியண்ணன் மண்டிக்கு நெல் ஏற்றிய வண்டி, மாடு பூட்டித் தயாராக.

சொன்னேன். சாக்கு, எலி, செங்கோடனின் கட்டி. டாக்டர் நிமிரவில்லை.

சின்னாயி என் முழங்கையை இடித்தாள். "சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். இந்த முறை காளியண்ணன் பெயரையும் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்தார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து போய் அந்த நெல் வண்டியின் மாடுகளை அவிழ்த்துவிட்டார்.